நெட் எந்த இடத்தில் நின்றது?

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ராத்திரி ஒன்பதரை மணிக்கு மதுரையிலிருந்து அம்மா போன் செய்தார்.

"நெட்டு போச்சுடா. சாயங்காலத்திலிருந்து டிவியும் வரலை, உங்க அக்கா வீடியோ காலும் வரலை."

"பெட்டியில என்ன லைட்டும்மா எரியுது?"

"மூணு பச்சை. ஒண்ணு மட்டும் சிவப்பா கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருக்கு."

"சிவப்புக்குக் கீழே என்ன எழுதியிருக்கு, பாரு."

கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "எல்... ஓ... எஸ்."

அந்த மூன்று எழுத்துகள் போதும். வெளியிலிருந்து வர வேண்டிய ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். அம்மாவின் போனில் குறை இல்லை. பாஸ்வேர்டில் குறை இல்லை. வைஃபையிலும் இல்லை. "இன்னிக்கு வீட்டுல எதையாச்சும் நகர்த்துனியாம்மா?" என்று கேட்டேன். ஒட்டடை அடிப்பதற்காகப் பீரோவை இழுத்துப் போட்டதாகவும், வேலை முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பையனும் தானுமாகத் திரும்பத் தள்ளி வைத்ததாகவும் சொன்னார். வாசலில் இருந்து வரும் ஃபைபர் வயர் அந்தப் பீரோவுக்குப் பின்னால்தான் போகிறது. நாலு விரற்கடை முன்னால் இழுக்கச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் சிவப்பு அணைந்தது. சாயங்காலமே அம்மா புகார் எண்ணுக்கு அழைத்திருக்கிறார். இரண்டு நாள் விடுமுறை, அதற்கப்புறம்தான் ஆள் வருவார் என்று பதில் கிடைத்திருக்கிறது.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதன் மொத்த விட்டமே 125 மைக்ரான். ஒளி ஓடுகிற நடுப்பகுதி வெறும் 9 மைக்ரான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. அதைச் சட்டென்று மடக்கினால், வளைவில் திரும்ப முடியாமல் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். இழை அறுந்திருக்க வேண்டும் என்பதே இல்லை. பீரோ, கட்டில் கால், கதவு இடுக்கு, ஆணியில் இறுக்கிக் கட்டிய முடிச்சு... வீட்டுக்குள் ஃபைபர் பழுதாவது இந்த மாதிரி இடங்களில்தான்.

நம் வீடுகளில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் யாரும் முதலில் பிளம்பரைக் கூப்பிடுவதில்லை. சம்பில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, மேல் தொட்டி நிறைந்திருக்கிறதா, கேட் வால்வை யாராவது மூடினார்களா என்று பார்த்துக்கொண்டே வருவோம். படிக்காத பாட்டிக்கும் இந்தப் பாதை தெரியும். எந்த இடம்வரை தண்ணீர் வந்தது, எந்த இடத்தில் நின்றது என்பதுதான் கேள்வி. இணையத்துக்கும் இப்படி ஒரு பாதை இருக்கிறது. வீட்டில் ஒருவராவது அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளைகளின் படிப்பு, பென்ஷன், ஆஸ்பத்திரி டோக்கன், வெளிநாட்டில் இருக்கும் மகளின் முகம் எல்லாமே இப்போது அந்தப் பாதையில்தான் வருகின்றன.

பாதையில் நடந்து பாருங்கள்

தெருவிலிருந்து ஒளி வருகிறது. அதை மின்சமிக்ஞையாக மாற்றுகிறது ஃபைபர் பெட்டி. நாம் அதை மோடம் என்கிறோம். அங்கிருந்து ரவுட்டர், பல வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ரவுட்டரிலிருந்து காற்று வழியாகவோ கேபிள் வழியாகவோ போனுக்கும் டிவிக்கும் போகிறது. பாதை இவ்வளவுதான்.

நெட் வரவில்லை என்று ஒருவர் சொன்னதும் நான் கேட்கும் முதல் கேள்வி, "வீட்டில் இன்னொருத்தர் போனில் வருதா?" என்பது. ஒரு போனில் மட்டும் வரவில்லை என்றால் தெருவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எல்லாவற்றிலும் வரவில்லை என்றால் போனை நோண்டவே வேண்டாம். இந்தச் சோதனையின்போது மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபை படுத்தால் போன் சொல்லாமல் கொள்ளாமல் டேட்டாவுக்குத் தாவிவிடும்; நாம் வைஃபை நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம்.

அடுத்தது விளக்குகள். எல்.ஓ.எஸ். சிவப்பாக மின்னினால் பழுது ஒளிப்பாதையில். பி.ஓ.என். விளக்கு நிலையாகப் பச்சையாக எரிந்து, இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்தோ சிவந்தோ இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் உங்கள் கணக்கு உள்ளே அனுமதிக்கப்படவில்லை. பில் கட்டவில்லையா, நிறுவனத்தின் பக்கம் கோளாறா என்று கேட்க வேண்டிய நேரம் அது. விளக்குகள் எல்லாம் பச்சை, ஆனாலும் எதுவும் திறக்கவில்லை என்றால் உள்ளே பார்க்க வேண்டும்.

போனிலோ கணினியிலோ வைஃபை விவரத்தைத் திறந்து ஐபி எண்ணைப் பாருங்கள். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் சரி. வீட்டுக்குள் மட்டும் புழங்குவதற்கென்று 1996-இல் ஒதுக்கிவைத்த எண்வரிசைகளில் அதுவும் ஒன்று. 169.254 என்று தொடங்கினால், அந்தக் கருவி ரவுட்டரிடம் எண் கேட்டுப் பதில் கிடைக்காமல், தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் ரவுட்டருக்கும் பேச்சுவார்த்தையே நடக்கவில்லை என்று பொருள்.

கணினி இருந்தால் இன்னும் ஓர் அடி போகலாம். கமாண்ட் விண்டோவில் பிங் என்று அடித்து 1.1.1.1 என்ற எண்ணைக் கொடுங்கள். பதில் வந்தால் வெளி உலகம்வரை பாதை திறந்திருக்கிறது. எண்ணுக்குப் பதில் வந்து, இணையதளத்தின் பெயரைச் சொன்னால் மட்டும் பதில் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில். பெயரைக் கொடுத்தால் எண்ணைச் சொல்லும் விலாசப் புத்தகம் அது. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. நிறுவனத்தின் டிஎன்எஸ் படுத்துவிட்டால் நெட்டே போய்விட்டதாகத்தான் தோன்றும். ரவுட்டரில் டிஎன்எஸ் இருக்கும் இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றினால் பல சமயம் உயிர் வந்துவிடும். ஆண்ட்ராய்டு போனில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. விளம்பரத்தைத் தடுக்க என்றைக்கோ அதில் ஒரு முகவரி போட்டிருப்போம். அந்தச் சேவை நின்றுபோன நாளில், அந்த ஒரு போனில் மட்டும் எதுவுமே திறக்காது.

தேதியையும் பார்த்துவிடுங்கள். பழைய லேப்டாப்பின் உள்ளே, மதர்போர்டில், சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரி ஒன்று இருக்கும். அது தீர்ந்துவிட்டால் கணினியின் நாள்காட்டி பல வருடம் பின்னால் போய்விடும். பாதுகாப்புச் சான்றிதழின் தேதி பொருந்தாததால், திறக்கும் ஒவ்வொரு தளமும் ஆபத்தானது என்று பிரவுசர் எச்சரிக்கும். சிறிய பேட்டரி ஒன்றை மாற்ற வேண்டிய இடத்தில் லேப்டாப்பையே ஃபார்மட் செய்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு

ஆஃப் பண்ணி ஆன் பண்ணு என்பது நியாயமான வைத்தியம்தான். ரவுட்டரும் ஒரு சின்னக் கணினி. எந்தப் போன் எந்தத் தளத்தோடு பேசுகிறது என்ற பட்டியலை அது சதா நினைவில் வைத்துக்கொள்கிறது. மாதக்கணக்கில் ஓடும்போது அந்த நினைவகம் நெருக்கடிக்குள்ளாகும். அணைத்துப் போட்டால் எல்லாம் துடைத்துப் புதிதாகத் தொடங்கும். நெரிசல் குறைந்த வைஃபை சேனலையும் தேடிப் பிடிக்கும். இரண்டு பெட்டிகள் இருந்தால் இரண்டையும் அணைத்து, அரை நிமிஷம் பொறுத்து, முதலில் ஃபைபர் பெட்டியை மட்டும் போடுங்கள். அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டரைப் போடுங்கள்.

ஆனால் பின்பக்கம் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்குமே, அதில் கைவைக்காதீர்கள். அது ரீசெட். பத்து விநாடி அழுத்தினால், இணைப்புக் கொடுக்க வந்தவர் உள்ளே பதிந்த பயனர் பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குப் போய்விடும். தானாகச் சரியாகியிருக்கக்கூடிய அரைமணி நேரக் கோளாறு, ஆள் வந்து திரும்பப் பதியும்வரை மூன்று நாள் கோளாறாகிவிடும். இணைப்புக் கொடுத்த அன்றே அந்தப் பயனர் பெயரைக் கேட்டு எழுதிவையுங்கள். கூடவே இன்னோர் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்: பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் ஆப்டிகல் பவர் அல்லது ஆர்எக்ஸ் பவர் என்று இருக்கும். மைனஸ் 18, மைனஸ் 21 என்பது போல ஓர் எண் வரும். வழக்கமான ஃபைபர் பெட்டிகள் மைனஸ் 8-லிருந்து மைனஸ் 27 வரை தாங்கும். மூன்று எண் கீழே இறங்கினால் வரும் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. முதல் நாள் மைனஸ் 19 இருந்த வீட்டில் இப்போது மைனஸ் 26 காட்டுகிறது என்று புகாரில் சொல்லிப் பாருங்கள். ஒயரைச் சோதிக்காமல் ரவுட்டரை மாற்றுங்கள் என்று யாரும் உங்களிடம் சொல்ல முடியாது.

ஃபைபர் முனையைக் கழற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். அதில் ஓடுவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. முனையில் விரல் பட்டால் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கே 9 மைக்ரான் வாசலை அடைக்கப் போதுமானது.

பீரோவும் மீன் தொட்டியும்

வைஃபை மெதுவாக இருக்கிறது என்று எனக்கு வரும் புகார்களில் பாதி, ரவுட்டர் வைத்த இடத்தைப் பற்றியது. இணைப்புக் கொடுக்க வருகிறவர் வாசலுக்குப் பக்கத்து ஜன்னலில் துளை போடுவார். அங்கேயே, டிவிக்குப் பின்னால், ஸ்டாண்டுக்குள் பெட்டியைச் செருகிவிட்டுப் போவார். படுக்கையறை அந்தப் பக்கம், சுவர் ஒன்பது அங்குலம், நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தூண், அதை ஒட்டி இரும்புப் பீரோ, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் பூசியிருப்பது உலோகம்; அலை அதில் பட்டுத் திரும்பிவிடும். தண்ணீர் அலையை உறிஞ்சும். மீன் தொட்டிக்குப் பின்னால் ரவுட்டரை மறைத்து வைத்தால் கூடத்தில் அழகாக இருக்கும், அறையில் நெட் இருக்காது.

ரவுட்டர் இருக்க வேண்டியது வீட்டின் நடுவில், தலை உயரத்தில், திறந்த இடத்தில். ஃபைபர் நீளம் போதவில்லை என்றால் இன்னும் பத்து மீட்டர் இழுத்துத் தரச் சொல்லுங்கள். முதல் நாளே கேட்டால் பெரும்பாலும் செய்துதருவார்கள். ஆன்டெனாக்களை நேராக நிறுத்தினால் அலை கிடைமட்டமாக, அதே தளத்தில் பரவும். மாடி வீடாக இருந்தால் ஒன்றை மட்டும் படுக்க வையுங்கள்.

இரண்டு அலைவரிசைகள் இருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைக் கொஞ்சம் தாண்டும், ஆனால் நெரிசலானது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.45-இல்தான் வேலை செய்கிறது, புளூடூத்தும் அங்கேதான். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஒரு சுவருக்கு மேல் தாங்காது. 2.4-இல் சேனல்கள் ஒன்றன்மீது ஒன்று ஏறிக் கிடக்கும். உரசாமல் இருப்பவை 1, 6, 11 மூன்றுதான். அடுக்குமாடியில் இருபது வீட்டு ரவுட்டர்கள் இந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்கின்றன. போனில் வைஃபை அனலைசர் ஒன்றைப் போட்டுப் பார்த்து, கூட்டம் குறைந்த சேனலைக் கையால் தேர்ந்தெடுங்கள். 2.4-க்கு அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 40 என்று வைத்தால் உங்களுக்கும் லாபமில்லை, பக்கத்து வீட்டுக்கும் தொல்லை.

சிக்னல் கோடு முழுசாகக் காட்டுகிறது, ஆனாலும் வாட்ஸ்ஆப் படம் போக மறுக்கிறது என்பார்கள். வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டருக்குப் பெரிய தொண்டை. அதன் குரல் தூரத்துப் போனுக்குக் கேட்டுவிடும். போனின் மெல்லிய குரல் திரும்ப ரவுட்டருக்குக் கேட்க வேண்டுமே! நான்கு கொம்பு, ஆறு கொம்பு முளைத்த ரவுட்டரை வாங்கியும் கடைசி அறையில் மாற்றம் தெரியாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சுவரில் செருகும் மலிவான எக்ஸ்டெண்டரும் கேட்டதையே அதே சேனலில் திரும்பச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும்.

இதற்கு நிரந்தரத் தீர்வு கேபிள்தான். கூடத்து ரவுட்டரிலிருந்து உள்ளறைக்கு ஒரு கேட்6 கேபிள் இழுத்து, அந்த முனையில் இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயிண்ட்' முறையில் வையுங்கள். இரண்டாவது பெட்டியையும் வழக்கமான ரவுட்டர் முறையிலேயே விட்டால் வீட்டுக்குள் வீடு கட்டியது போலாகிவிடும். பிரிண்டர் ஒரு பக்கம், போன் இன்னொரு பக்கம், ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. கேபிள் நூறு மீட்டர்வரை தாராளமாகப் போகும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய மலிவுச் சரக்கு சந்தையில் நிறைய இருக்கிறது, எளிதில் முறியும். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள். ஆயிரம் எம்பிபிஎஸ் ஓட நான்கும் வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் இணைப்பு சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். வேகச் சோதனையில் 94, 95 என்ற எண்ணைத் தாண்டவே இல்லை என்றால், பிளானைக் குறை சொல்லும் முன் கேபிள் முனையைப் பாருங்கள்.

புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் நான் கையைப் பிடித்துச் சொல்வது ஒன்று உண்டு. சுவர் பூசும் முன்பே கூடத்திலிருந்து ஒவ்வோர் அறைக்கும், மொட்டைமாடிக்கும் ஒரு காலிக் குழாயைப் போட்டுவிடுங்கள், உள்ளே ஓர் இழுகம்பியோடு. மின்சார ஒயர் போகும் குழாயிலேயே இதையும் திணிக்க எலக்ட்ரீஷியன் பார்ப்பார், விடாதீர்கள். 230 வோல்ட் பக்கத்தில் ஓடுவது ஆபத்து, சிக்னலும் கெடும்.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளானில் சொல்வது மெகாபிட், டவுன்லோடில் காட்டுவது மெகாபைட். எட்டால் வகுக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட். 4கே படத்துக்கு 25 எம்பிபிஎஸ் இருந்தாலே போதும். அதனால் 300-க்கு மாறுவதற்கு முன், ரவுட்டர் பக்கத்தில் நின்று ஒருமுறை, அறையில் நின்று ஒருமுறை வேகத்தை அளந்து பாருங்கள். பக்கத்தில் 100 வந்து அறையில் 8 வந்தால், நடுவில் இருப்பது சுவர்.

கரண்ட் போனால்

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் நெட் போய்த்தான் ஆக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஜிபான் என்ற ஃபைபர் முறையின் அழகே, நிலையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் மின்சாரமே வேண்டாம் என்பதுதான். ஒரு இழை முப்பத்திரண்டு அல்லது அறுபத்து நான்கு வீடுகளுக்குப் பிரிவது, கம்பத்தில் தொங்கும் கண்ணாடிப் பிரிப்பானில். அதற்கு கரண்ட் தேவையில்லை. இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடினால், உங்கள் பெட்டிக்கு மட்டும் உயிர் கொடுத்தால் போதும். மினி யூபிஎஸ் இதற்கென்றே விற்கிறது. ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் (பெரும்பாலும் 12) ஆம்பியரும் பொருந்துகிறதா, பிளக்கின் நடுமுனை பிளஸ்ஸா என்று பார்த்து வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் சேர்த்து வேண்டும். சில ஊர்களில் தெருமுனை வீட்டு மாடியில் சுவிட்ச் வைத்து அங்கிருந்து கேபிளில் இணைப்புக் கொடுப்பார்கள். அங்கே அந்தச் சுவிட்ச் அணைந்தால் நீங்கள் என்ன செய்தாலும் வராது. வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்னலைக் கடத்தாது. ஆனால் கம்பத்திலிருந்து வரும் ஒயரில் பலத்துக்காக எஃகுக் கம்பி கூடவே வரும் வகைகள் உண்டு. அந்தக் கம்பியை வாசலுக்கு வெளியே கட்டி நிறுத்த வேண்டும். பெட்டிவரை கொண்டுவரக் கூடாது. ஐப்பசி கார்த்திகை இடிமழைக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

யாரோ வைத்த பாஸ்வேர்டு

2016 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்பட ஏராளமான தளங்கள் மணிக்கணக்கில் திறக்கவில்லை. டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தின்மீது தாக்குதல் நடந்தது. தாக்கியவை சாதாரண வீடுகளின் கேமராக்களும் ரவுட்டர்களும். மிராய் என்ற நிரல், தொழிற்சாலையில் வைத்த அறுபது சொச்சம் பயனர் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே அவற்றுக்குள் நுழைந்திருந்தது. அட்மின், அட்மின் என்று விட்டுவைத்த பெட்டிகள்.

வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதை மாற்றியவர்கள் குறைவு. இன்றைக்கே மாற்றுங்கள். டபிள்யூபிஎஸ் என்ற பொத்தான் வசதியையும், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் அணையுங்கள். கேமரா, மலிவான ஸ்மார்ட் பல்பு, விருந்தாளிகளின் போன் எல்லாவற்றையும் கெஸ்ட் வைஃபையில் போடுங்கள். ரவுட்டரில் வைரஸ் இருக்கிறது, இந்தச் செயலியை இறக்குங்கள் என்று யாராவது போன் செய்தால் துண்டித்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

பழைய லேப்டாப்பில் வீட்டு ஆல்பம்

2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவசச் சேமிப்பு நின்றது. மின்னஞ்சல், கோப்பு, படம் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. நிறைந்ததும் மாதச் சந்தா. அதற்கு மேல் எனக்கு இருக்கும் கவலை வேறு. ஒரு கணக்கு முடங்கினால் பத்து வருடப் படங்கள் பூட்டிய வீட்டுக்குள் மாட்டிக்கொள்ளும். சாவி நம்மிடம் இல்லை. நம் வீட்டு ஆல்பத்தின் ஒரு முழுப் பிரதி நம் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

அதற்குப் பெரிய முதலீடு வேண்டாம். பரணில் கிடக்கும் ஏழெட்டு வருடப் பழைய லேப்டாப் போதும். 8 ஜிபி ராம் இருந்தால் தாராளம். லினக்ஸ் ஏற்றி, டாக்கர் என்ற கருவி வழியாக இம்மிச் என்ற இலவச மென்பொருளை நிறுவலாம். போனில் அதன் செயலியைப் போட்டால், வீட்டுக்குள் நுழைந்ததும் அன்றைய படங்கள் தானாக லேப்டாப்புக்கு ஏறிக்கொள்ளும். முகங்களை அடையாளம் கண்டு பேத்தியின் படங்களை எல்லாம் ஒன்றாகக் காட்டும். அந்தக் கணக்கு அத்தனையும் நம் வீட்டு லேப்டாப்பிலேயே நடக்கிறது. ஆவணங்களுக்கு நெக்ஸ்ட்கிளவுட், படம் பார்க்க ஜெல்லிஃபின் என்று பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். முதல் ஆறு மாதம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மின்சாரம்? சும்மா இருக்கும் லேப்டாப் சுமார் 15 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத பில்லுக்கு 22 யூனிட் கூடும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுப்பதில் ஐந்தில் ஒரு பங்கு. பேட்டரி நன்றாக இருந்தால் அதுவே யூபிஎஸ்ஸாக உதவும். ஆனால் உப்பியிருந்தால், கீபோர்டு மேலெழும்பியிருந்தால், அந்தப் பேட்டரியைக் கழற்றாமல் இரவும் பகலும் சார்ஜில் போடக் கூடாது. தீப்பிடிக்கும்.

வெளியூரிலிருந்து அந்த ஆல்பத்தைப் பார்க்க முயலும்போதுதான் பலர் முட்டிக்கொள்வார்கள். பழைய ஐபி எண்கள் உலகத்துக்கே மொத்தம் 429 கோடிதான். மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் நிறுவனங்கள் பல நூறு வீடுகளை ஒரே எண்ணுக்குப் பின்னால் நிறுத்துகின்றன. அடுக்குமாடிக்கு ஒரே கதவு எண் கொடுத்தது போல. தபால்காரர் வாசல்வரை வருவார், எந்த வீடு என்று தெரியாமல் திரும்புவார். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் உங்கள் வெளி ஐபி 100.64-லிருந்து 100.127-க்குள் இருந்தால் நீங்களும் அந்த அடுக்குமாடியில்தான் இருக்கிறீர்கள். யூடியூப் பார்த்து ரவுட்டரில் போர்ட் திறந்து பலன் இல்லை. திறக்க முடிந்தாலும் திறக்காதீர்கள் என்பது என் கருத்து. திறந்த வாசலை நாள் முழுக்கத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் உலகமெங்கும் இருக்கின்றன. வயர்கார்ட் என்ற தொழில்நுட்பத்தின்மேல் கட்டிய டெயில்ஸ்கேல் போன்றவற்றை லேப்டாப்பிலும் போனிலும் போட்டால், இரண்டும் வெளியே வந்து கைகோத்துக்கொள்ளும். வீட்டு வாசலைத் திறக்காமலே உள்ளே போகலாம்.

மின்னஞ்சலை மட்டும் வீட்டில் நடத்த முயல வேண்டாம். வீட்டு இணைப்பிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் நம்புவதில்லை. உங்கள் கடிதம் குப்பைக்குப் போனதே உங்களுக்குத் தெரியாது.

இவ்வளவையும் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. 2017-இல் என் எக்ஸ்டெர்னல் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில் மட்டும்தான் இருந்தன. அப்பா அதற்கு முந்தின வருடம் தவறியிருந்தார். மீட்டெடுக்கும் கடைகளில் இரண்டு பேர் கைவிரித்தார்கள். கடைசியில் மதுரையில் அன்றைக்குப் படம் எடுத்த ஸ்டுடியோக்காரர், பழைய டிவிடி ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். பாதிப் படங்கள் கிடைத்தன. அப்பா மாலையோடு சிரிக்கும் படம் கிடைத்தது. அப்பாவும் பெரியப்பாவும் பந்தியில் உட்கார்ந்திருந்த படம் கிடைக்கவில்லை.

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. வீட்டில் லேப்டாப், அலமாரியில் கழற்றி வைத்த ஒரு டிஸ்க், அக்கா வீட்டில் இன்னொரு டிஸ்க். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொண்டு வாருங்கள். இரண்டு டிஸ்க்கை ஒன்றுபோல எழுதவைக்கும் ரெய்டு முறை பேக்கப் ஆகாது. தவறி ஒன்றில் அழித்தால் மற்றதிலும் அதே கணம் அழியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஏதாவது பத்துப் படங்களைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப்பைப் பேக்கப் என்று நான் எண்ணுவதில்லை.

அப்புறம், ஒரு நோட்டு. இதையெல்லாம் வீட்டில் ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்து, அவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் ஆல்பம் யாருக்கும் திறக்காது. அம்மா கேஸ் புக்கிங் எண், மின் இணைப்பு எண், ரேஷன் கார்டு எண் எழுதிவைத்த அதே நோட்டில் இப்போது ஒரு பக்கம் நெட்டுக்கு. நான் சொல்லச் சொல்ல அவர் கையாலேயே எழுதினார்: ரவுட்டர் பாஸ்வேர்டு, இணைப்பின் பயனர் பெயர், ஒளி எண் மைனஸ் 20, லேப்டாப் எந்தப் பரணில் இருக்கிறது, டிஸ்க் அக்கா வீட்டில் எந்த டிராயரில். கடைசி வரியை நான் சொல்லவில்லை. அவராகவே எழுதிக்கொண்டார்: 'பீரோ, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி.'

போன வாரம் மறுபடி போன் வந்தது.

"எதிர் வீட்டு டீச்சர் வீட்டுல நெட்டு வரலையாம். போய்ப் பார்த்தேன். சிவப்பு எரியலை, எல்லாம் பச்சை. டிவியில ஓடுது. டீச்சர் போன்ல மட்டும் வரலை. அப்ப தெருவுல ஒண்ணுமில்ல, அந்தப் போன்லதானே?"

"ஆமாம்மா. அந்தப் போன்ல தேதி சரியா இருக்கான்னு..."

"பார்த்துட்டேன். சரியாத்தான் இருக்கு. அந்தப் பிரைவேட் டிஎன்எஸ் எங்கடா இருக்கும், அதை மட்டும் சொல்லு. டீச்சர் வாசல்ல நிக்கிறாங்க."